48 வயதில் உடல் பெருத்துவிட்டது. விசேஷங்களுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. மனத்தை எப்படித் தேற்றிக்கொள்வது?

மூன்று வருடங்களாக வயிறும் இடுப்பும் பெருத்துக்கொண்டே போகின்றன, முடி கொட்டுகிறது, பழைய புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு அழுகிறேன், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குக் கணவரை மட்டும் அனுப்பிவிடுகிறேன் என்று கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் என்னை இந்தப் பதிலை எழுத உட்கார வைத்தது. நடைப்பயிற்சி செய்யுங்கள் என்பார்கள், உங்களை நீங்களே நேசியுங்கள் என்பார்கள். இரண்டிலும் தவறில்லை. ஆனால் நாளைக் காலை முகூர்த்தம் இருக்க, இன்று இரவு பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் ஒருத்திக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. அப்படி நின்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு 52 வயது. வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் சமூக அறிவியல் ஆசிரியை. நான் மருத்துவர் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெண்களின் உடலைப் பற்றிப் பெண்ணொருத்தி நான்கு வரி எழுதினால், எந்தத் தகுதியில் எழுதுகிறாய் என்று கேட்பதற்கென்றே சிலர் வந்துவிடுகிறார்கள். என் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு சரிபார்த்துக்கொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

"வாயைக் கட்டாததால் வந்த வினை" என்று உங்களையே நீங்கள் பழித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் பாதிகூட உண்மையில்லை. மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வராமலிருந்தால்தான் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. நம் நாட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு ஏறியும் இறங்கியும் தடுமாறி, பின்னர் குறைந்துவிடுகிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றைத் தேடி வருவது இதனால்தான். வயது ஏற ஏறத் தசையும் குறைகிறது. தசை குறைந்தால் உடல் செலவழிக்கும் சக்தியும் குறைகிறது, ஆகவே முப்பது வயதில் சாப்பிட்ட அதே அளவு சோறு இப்போது மிஞ்சி உடம்பில் தங்குகிறது. இரவில் தூக்கம் கெட்டால் பசியும் ஒழுங்கு தவறுகிறது. இவ்வளவும் சேர்ந்து செய்த வேலையை, மாலையில் நீங்கள் தின்ற இரண்டு முறுக்கின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இந்தப் பருவத்தில் உடம்பில் திடீரென்று ஏறும் சூட்டை எங்கள் ஊரில் அடையாளம் கண்டுகொள்வதிலேயே ஒரு சிக்கல் உண்டு. கத்திரி வெயிலில் வேலூரில் யாருக்குத்தான் முகம் எரியாது, யார் முதுகில்தான் வியர்வை ஊற்றாது? அந்த முதல் கோடை முழுவதும் நான் வெயிலைத் திட்டியே கழித்தேன். பிறகு மார்கழியில், வீட்டில் எல்லோரும் போர்வைக்குள் சுருண்டிருந்த ஓர் இரவில், மார்பிலிருந்து கழுத்து வழியாகக் காது மடல் வரை ஒரு சூடு ஏறியது. நைட்டி நனைந்துவிட்டது. எழுந்து மின்விசிறியைப் போட்டதும், "இந்தக் குளிர்ல ஃபேனு எதுக்கு?" என்று என் கணவர் முனகினார். சற்று நேரத்தில் அந்த ஈரமே குளிரெடுத்து, நானே எழுந்து அணைத்தேன். வெயிலின் மேல் போட்ட பழியை அன்றுதான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அந்த ஆண்டில்தான் என் அக்கா மகளின் திருமணம் குடியாத்தத்தில் நடந்தது. அரக்குக் கரை போட்ட மாம்பழ நிற ஆரணிப் பட்டு எடுத்து, எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதைப்போல, அளவு ஜாக்கெட்டோடு சேர்த்துத் தைக்கக் கொடுத்திருந்தேன். அந்த அளவு ஜாக்கெட் என் மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தியது. அவன் இப்போது வேலைக்குப் போகிறான். மண்டபத்தில் அட்சதை போடக் கையைத் தூக்கியபோது அக்குளில் தையல் பிடித்து இழுத்தது. மேல்கையில் பட்டி பதிந்து சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. பந்திக்குப் போகும் முன்பே ஒரு கொக்கி தெறித்துவிட, ஊக்கைக் குத்திக்கொண்டு, முந்தானையைத் தோள்வரை இழுத்துப் போர்த்தியபடி இலையின் முன் உட்கார்ந்தேன். எதிர் வரிசையிலிருந்த உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், வரிசை முழுவதும் கேட்கும்படி, "என்னம்மா, ஒரு சுத்து பெருத்துட்டே, தைராய்டு பாத்தியா?" என்றார். அதற்குப் பிறகு இலையில் என்ன விழுந்தது என்று எனக்கு நினைவில்லை.

பழைய புகைப்படங்களைப் பார்த்து அழுவதாகச் சொன்னீர்களே, அதற்கும் இந்தப் பெரியம்மாவுக்கும் தொடர்புண்டு. என் திருமணப் படங்களில் நான் ஒல்லியாக இருக்கிறேன். இப்போது பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. ஆனால் அந்தத் திருமணத்தன்று, "பொண்ணு உடம்புல சதையே இல்லையே, எப்படிப் பிள்ளை பெத்து வளர்க்கப் போறா?" என்று என் மாமியாரிடம் கேட்டவரும் இதே பெரியம்மாதான். அந்தப் படத்தில் இருப்பவளும் அன்று தன் உடம்பை நினைத்துக் குன்றிப்போய்த்தான் நின்றுகொண்டிருந்தாள். உங்கள் படங்களையும் ஒருமுறை இப்படி யோசித்துப் பாருங்கள். அந்த வயதில் உங்களைக் குறை சொல்லாமல் விட்டவர்கள் எத்தனை பேர்?

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்பது என் அனுபவம். தைராய்டு பார்த்தேன், இயல்பாகத்தான் இருக்கிறது, மாதவிடாய் நிற்கும் சமயம் என்று சொல்ல ஆரம்பித்தால், அடுத்து கொள்ளு ரசம், வெந்நீரில் எலுமிச்சை, வாட்ஸ்அப்பில் விற்கும் பொடி என்று பேச்சு அரை மணி நேரம் உங்கள் வயிற்றைச் சுற்றியே ஓடும். "ஆமாம் பெரியம்மா, வயசாகுதில்ல" என்று ஒத்துக்கொண்டுவிட்டு, அவருடைய முழங்கால் வலியை விசாரித்தால் முடிந்தது. பெரியவர்களை எதிர்த்துப் பேசாமலேயே இது நடக்கும்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்: அளவு ஜாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள்.

குடியாத்தத்துத் திருமணம் முடிந்து, அடுத்து ஒரு வளைகாப்புக்காகத் துணி கொடுக்கப் போனபோது, எங்கள் தெருவில் தைக்கும் அக்கா நான் நீட்டிய அளவு ஜாக்கெட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "அது வேணாம் டீச்சர், நேரா நில்லுங்க" என்று இன்ச் டேப்பை எடுத்தார். தோள், மேல்மார்பு, மார்புச் சுற்று, இடுப்பு, கை உயரம், கைச்சுற்று, அக்குள் சுற்று என்று ஒவ்வொன்றாக அளந்து, நோட்டில் என் பெயருக்கு நேரே எழுதினார். கைச்சுற்று மட்டுமே பழைய அளவைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் கூடியிருந்தது. நான் கூசிப்போய் நின்றேன். அவரோ, மின்வாரிய ஊழியர் மீட்டரைப் பார்த்து அட்டையில் எண்ணைக் குறிப்பதைப்போல, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் எழுதிக்கொண்டே போனார். எழுதி முடித்ததும், "உள்ள ரெண்டு விரக்கடை துணி விட்டுடறேன், ஏறினாலும் எறங்கினாலும் பிரிச்சுப் புடிச்சுக்கலாம்" என்றார். உடம்பு ஏறும், இறங்கும், அதற்கேற்பத் தையலைப் பிரித்துப் பிடிக்கலாம் என்பதை இவ்வளவு சாதாரணமாக அதற்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை. என் எண்ணை எழுதிக்கொண்டு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத முதல் ஆளும் அவர்தான்.

அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வளைகாப்புக்குப் போனேன். கையைத் தூக்கி வளையல் போட முடிந்தது, மூச்சை இழுத்து விட முடிந்தது. என் உடம்பைப் பற்றிய நினைப்பு வராமலேயே கணிசமான நேரம் கழிந்தது. நம்மை நாமே வெறுப்பதாக நினைத்துக்கொள்ளும் பல சமயங்களில், உண்மையில் அக்குளில் தையல் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டிலிருந்த மற்ற ஜாக்கெட்டுகளில் உள்ளே துணி இருந்தவற்றைப் பிரித்துக்கொண்டேன், இல்லாதவற்றைக் கொடுத்துவிட்டேன். பழைய அளவு ஜாக்கெட் இப்போது மின்விசிறி துடைக்கும் துணி.

பெரிய அளவில் தைத்துக்கொண்டால் இன்னும் பெருத்துவிடுவாயே, இது கைகழுவிவிடுவதுதானே என்று என் ஓரகத்தியே கேட்டார். இறுக்கமான ஜாக்கெட்டால் இளைத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. கூச்சத்தால் வீட்டை விட்டு வெளியே வராமல் மேலும் பெருத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கை வீசி நடக்க முடிகிற துணி உடம்பில் இருப்பதால்தான் இப்போதெல்லாம் காலையில் கோட்டைப் பக்கம் அகழியை ஒட்டி நடக்கப் போகிறேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மண்டபத்தில் நீங்கள் மட்டும் தனித்துத் தெரிவீர்கள் என்ற பயத்துக்கு அடிப்படையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உடல்நலத்தை விட்டுவிடச் சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தைக்கும் அக்காவின் டேப் இன்னொன்றுக்கும் பயன்படும். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால், அதாவது சுமார் 31½ அங்குலத்துக்கு மேல் போனால், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணைப் பரிசோதனைக்குப் போகும் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள், அழுவதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. அந்த வயதுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. களியும் கூழும் நம் வட ஆற்காட்டுக்குப் புதிதில்லை, நாம்தான் அவற்றை ஆடி மாதத்துக்கென்று ஒதுக்கிவிட்டோம். நடப்பதோடு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது போன்ற தசைக்கான பயிற்சியும் வேண்டும்.

ஒரு குறையையும் இங்கே கொட்டிவிடுகிறேன். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் எனக்கு ரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்தது. இரண்டு பாடவேளைகள் தொடர்ந்து நின்று பாடம் நடத்தினால் புடவையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் அறிக்கையைப் புரட்டிப் பார்த்த மருத்துவர், நான் உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள், "பிள்ளை பெத்து முடிச்சாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார். ஸ்கேனில் தெரிந்த கட்டி சிறியது, மாத்திரையிலேயே பார்க்கலாம் என்று வேறொரு மருத்துவர் சொன்னார். ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரையோடும் இரும்புச் சத்தோடும் அந்தக் காலம் கடந்தது. அறுவை சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படும் பெண்கள் உண்டு, அவர்களை நான் குழப்ப விரும்பவில்லை. ஆனால் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் மெல்ல வர வேண்டிய மாற்றமெல்லாம் ஒரேயடியாக வந்துவிடுகிறது என்பதை முதலாமவர் என்னிடம் சொல்லவே இல்லை. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே அவசரப்படுத்தினால் இரண்டாவது மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பிறகு மீண்டும் ரத்தம் பட்டால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

முடியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வகிடு அகலமாவது உண்டு. அதற்கு முன் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. எண்ணெய்க்குக் காசைக் கொட்டுவது அதன் பிறகு இருக்கட்டும். நரைக்கு நான் சாயம் பூசிக்கொள்கிறேன், முதலில் காதுக்குப் பின்னால் சிறிது தடவி, இரண்டு நாள் அரிக்கிறதா என்று பார்த்துவிட்டு. உடலை ஏற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டு நீ மட்டும் சாயம் பூசலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம். என் தங்கை பூசுவதில்லை. நாங்கள் இருவரும் ஒன்றாக ஒரு விசேஷத்துக்குப் போனால் அவளைத்தான் என் அக்கா என்று நினைக்கிறார்கள். அவள் சிரித்துக்கொள்கிறாள், நானும் திருத்துவதற்கு அவசரப்படுவதில்லை.