மழை பெய்தும் கண்மாய் நிறையவில்லை, தூர்வாரலாமா?

மானாமதுரைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "ஐப்பசியில் நல்ல மழை. வாசலில் தண்ணீர் நின்றது. கண்மாயில் கால்பங்குகூட இல்லை. தூர்வாரினால் நிறையுமா?"

தூர்வாரினால் கொள்ளளவு கூடும், வரத்து கூடாது. உங்கள் குறை வரத்தில் இருப்பதாகத்தான் தெரிகிறது.

ஒரு சதுர கிலோமீட்டரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 கோடி லிட்டர் தண்ணீர். அதில் கண்மாய்க்கு எவ்வளவு வரும் என்பது பெய்த விதத்தைப் பொறுத்தது. தினம் 5 மில்லிமீட்டராகப் பத்து நாள் தூறினால், காய்ந்த மண்ணே முழுவதையும் குடித்துவிடலாம். நிலம் நன்றாக நனைந்த பிறகு ஒரே இரவில் 50 கொட்டினால் பெரும்பங்கு ஓடி வரும். அதனால் வாசலில் நின்ற தண்ணீரை வைத்துக் கண்மாயைக் கணிக்க முடியாது.

அப்புறம், உங்கள் கண்மாய் தனியாக இல்லை. வைகை வடிநிலத்தின் கீழ்ப்பகுதியில் சரிவு மிகக் குறைவு. அதனால்தான் நம் முன்னோர் கண்மாய்களைச் சங்கிலியாக வெட்டினார்கள். மேல் கண்மாய் நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு வரும். வைகையே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேருகிறது, மிஞ்சியதுதான் கடலுக்கு. எனவே முதலில் மேல் கண்மாயின் கலுங்கு வழிந்ததா என்று விசாரியுங்கள். வழியவில்லை என்றால் மேலிருந்து உங்கள் ஊருக்கு வரவேண்டிய வரத்து புறப்படவே இல்லை என்று அர்த்தம்.

வழிந்திருந்தால் சிக்கல் வரத்துக்காலில்தான், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில். அடுத்த கனமழை விட்டதும் நாலு பேராக அந்த வாய்க்கால் நெடுக நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்கிப் பக்கவாட்டில் திரும்புகிறதோ அங்கேதான் அடைப்பு. சீமைக்கருவேலமாக இருக்கலாம், புதிய சாலைக்குக் கீழே வாய்க்காலைவிட உயரமாகப் போட்ட குழாயாக இருக்கலாம். இந்த இரண்டாவது, வெயில் காலத்தில் கண்ணில் படவே படாது. கால் இருந்த இடமே மறைந்து போயிருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்கு எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மனு கொடுக்கும்போது அதன் புல எண்ணையும் எழுதுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகு தூர்வாருங்கள். அப்போதும் மடையின் மட்டத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்ட விடாதீர்கள். அந்தப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும், மடை வழியாக வயலுக்கு ஏறாது.