குரங்குக்கு யார் முடி வெட்டுகிறார்கள்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சிம்பன்சிகளைப் பற்றிய படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் ஏழு வயது மகள், "இதுக்கெல்லாம் யாரும்மா முடி வெட்டி விடுவாங்க?" என்று கேட்டாள். ஒன்றுக்கொன்று கடித்துவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை. பரிணாமத்தில் உடம்பு முடியெல்லாம் போய்த் தலையில் மட்டும் மிஞ்சியது என்று படித்த ஞாபகம் எனக்கு. மிஞ்சியது ஏன் இப்படி நிற்காமல் வளர்கிறது? வெட்ட வெட்டத்தான் வளர்கிறதா?

அன்புடன்,
மீனா

அன்புள்ள மீனா,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தோலுக்கு வெளியே தெரியும் முடியில் உயிர் கிடையாது. நுனியை வெட்டிய சேதி வேருக்குப் போய்ச் சேர வழியே இல்லை. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், அவ்வளவுதான்.

அடுத்தமுறை தலை வாரும்போது சீப்பில் சிக்கிய ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் தெரியும். வேரோடு பிடுங்கி வந்துவிட்டதோ என்று பலர் பயப்படுவார்கள். வேர் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அந்த முடி வளர்ந்து முடித்து, ஓய்வெடுத்து, தானாக விடைபெற்றதற்கான அடையாளம் அது.

ஒவ்வொரு மயிர்க்காலும் இப்படித்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. (மயிர் என்ற நல்ல சொல்லை நாம் வசவாக்கிவிட்டோம். நான் கூச்சப்படாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) கொஞ்ச காலம் வளர்ச்சி, இரண்டு மூன்று வாரம் சுருக்கம், மூன்று மாதம் போல ஓய்வு, பிறகு பழையது உதிர்ந்து புதியது. மயிர்க்காலுக்குத் தன் முடி எத்தனை நீளம் என்று தெரியாது. எத்தனை நாள் வளரவேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். தலையில் அந்தக் கெடு 2 முதல் 6, 7 ஆண்டுகள். புருவத்திலும் கையிலும் அது சில மாதங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. சிம்பன்சிக்கு உச்சந்தலையிலும் கெடு குறைவு. முடி நீளும் முன்பே உதிர்ந்துவிடுகிறது.

ஆகவே நம் தலைமுடியும் முடிவில்லாமல் வளர்வதில்லை. ஆறு வருடம் வளர்ந்தால் 70 செ.மீ.யைத் தாண்டும், பிறகு விழும். ஒருத்திக்கு இடுப்பைத் தொடுவதும் இன்னொருத்திக்குத் தோளோடு நிற்பதும் எண்ணெயால் அல்ல, பெரும்பாலும் இந்தக் கெடுவால். சில குழந்தைகளுக்குத் தலையிலேயே கெடு குறைவாக அமைந்துவிடும். முடி ஆரோக்கியமாகவே இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் வெட்டவே வேண்டியிருக்காது. எனக்கு நேர்ந்தது அதற்கு நேரெதிர். ஐம்பதைத் தாண்டியபின் என் புருவத்தில் இரண்டு முடிகள் மட்டும் சொல்பேச்சுக் கேட்காமல் நீள்கின்றன. அவற்றின் கடிகாரம் கெட்டுவிட்டது, வேறொன்றுமில்லை.

இந்தக் கடிகாரத்தை நிறுத்தும் கைகளில் ஒன்று எதுவென்று தெரிந்திருக்கிறது. எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணு, "வளர்ந்தது போதும்" என்று மயிர்க்காலுக்குச் சொல்கிறது. அது பழுதான எலிகளுக்கு ரோமம் நீண்டுவிடுவதை 1994இல் கண்டார்கள். நீள்முடி நாய்கள், பூனைகள் பலவற்றிலும் பழுது அங்கேதான். மனிதர்களில் அதே மரபணு கெட்ட சில குடும்பங்களில் கண்ணிமை முடி அசாதாரணமாக நீள்கிறது. அதற்காக நம் கூந்தலுக்கு இந்த ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பல கைகள் சேர்ந்து திருப்பும் கடிகாரம் அது.

நீங்கள் படித்த "முடி போய்விட்டது" என்பதையும் கொஞ்சம் திருத்தவேண்டும். சாய்வான வெயிலில் மகளின் கன்னத்தைப் பக்கவாட்டில் பாருங்கள், பூனைமயிர் பளபளக்கும். நம் உடம்பில் சுமார் 50 லட்சம் மயிர்க்கால்கள் உண்டு. தோலில் அவற்றின் நெருக்கம் சிம்பன்சியோடு ஒப்பிடத்தக்கதே. முடி மெலிந்து, குட்டையாகி, நிறம் வெளுத்துவிட்டது, அவ்வளவுதான். கூடவே வியர்வைச் சுரப்பிகள் சிம்பன்சிக்கு இருப்பதைப்போலப் பத்து மடங்கு நெருக்கமாகின. வெயிலில் நெடுந்தூரம் நடக்கவும் ஓடவும் வேண்டியிருந்த ஓர் உயிருக்கு வியர்த்துக் காயும் தோல் வசதி.

அப்படியானால் தலைக்கு மட்டும் ஏன் விலக்கு? நிமிர்ந்து நடப்பவர்களுக்கு உச்சி வெயில் நேராக விழும் இடம் அது. அதற்குள்தான் ஓய்விலும் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும் மூளை. டினா லசிசி, நினா ஜப்லான்ஸ்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் சூட்டை அளக்கும் பொம்மைத் தலைக்கு மனித முடியாலான டோப்பாக்களை மாட்டி, விளக்கு வெயிலில் வைத்துப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். எந்த முடியும் மொட்டைத் தலையைவிட மேல். இறுகச் சுருண்ட முடி எல்லாவற்றையும்விட மேல். அது தோலை ஒட்டிப் படுக்காமல், உச்சிக்கு மேலே காற்றோட்டமுள்ள கூரைபோல நிற்கிறது.

ஆனால் வெயில் தலைமுடி இருப்பதற்குக் காரணம் சொல்கிறதே தவிர, இடுப்புவரை தொங்குவதற்குச் சொல்லவில்லை. துணையைக் கவரத்தான் என்று 1871இல் டார்வின் எழுதினார். இருக்கலாம், ஆனால் அழகு என்று சொல்லி எதையும் விளக்கிவிடலாம் என்பதால் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. நான் நினைப்பது வேறு, இது என் ஊகம் மட்டுமே. ஆப்பிரிக்க வெயிலில் வாழ்ந்த நம் முன்னோருக்குச் சுருள்முடி இருந்திருந்தால், கூரை திரள நிறைய இழை வேண்டும், அதற்கு நீண்ட கெடு வேண்டும். ஒரு முழ முடி இறுகச் சுருண்டால் மிகவும் குட்டையாகிவிடும், கண்ணை மறைக்காது. பின்னாளில் சில மக்களுக்குச் சுருள் தளர்ந்தபோது, மடித்து வைத்த துணி அவிழ்ந்ததுபோல நீளம் கீழே விழுந்திருக்கும்.

நீண்ட முடி நமக்கு மட்டுமே உரியது என்றும் எண்ணவேண்டாம். ஒராங்ஊத்தானின் கையிலிருந்து முடி தோரணமாகத் தொங்கும். ஜெலாடா என்ற குரங்கில் ஆணுக்குத் தோளில் முடிப் போர்வையே உண்டு. கட்டைவால் மக்காக் என்ற குரங்குக்கு நம்மைப்போல வழுக்கையும் விழும்.

மகளிடம் கடித்த கதையை வாபஸ் வாங்கிவிடுங்கள். கண்ணாடி முன் நிறுத்தி, "உன் கண்ணிமை முடியை யார் வெட்டி விடறாங்க?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அன்புடன்.