காடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் தீன் போடுவது?

கேள்வி: சாவகச்சேரியில் 300 காடை வளர்க்கிறேன் அண்ணா. காலையில் ஒருக்காத் தீன் போடுவேன், மத்தியானத்துக்குள் தட்டு வெறுமையாகிவிடும். 35 நாளில் சில 190 கிராம் நிற்கின்றன, சில 130ஐத் தாண்டவில்லை. நாலு தரம் போட்டால் நிறையும் இறைச்சியும் கூடுமா?

பதில்: தம்பி, மத்தியானத்துக்குள் தட்டு வெறுமை என்று எழுதியிருக்கிறீர்களே, பிழை அங்கேதான். பொரித்த அன்று 8, 10 கிராம் இருக்கிற குஞ்சு ஐந்து கிழமையில் இருபது மடங்காக வேண்டும், அதற்கு வெளிச்சம் உள்ள நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திக்கொண்டே இருக்கவேண்டும். ஒருக்காக் கொட்டினால் பெலமானவை தட்டை மறித்து நின்று முட்டத் தின்னும், மெலிந்தவைக்கு மிஞ்சுவது தூள்தான். பின்னேரம் நாலு மணிக்கு அந்த 130 கிராம் காடையொன்றைப் பிடித்துக் கழுத்தடியைத் தடவிப் பாருங்கள். தீன்பை தட்டையாகக் கிடக்கும்.

தட்டில் எந்நேரமும் தீன் இருந்தால் இரண்டு தரம் போட்டாலும் நாலு தரம் போட்டாலும் நிறையில் பெரிய வித்தியாசம் வராது. முதல் இரண்டு கிழமை மட்டும் நாலு தரம் போடுங்கள், தீன் புதிதாக இருக்கும், தட்டுச் சத்தத்துக்குக் குஞ்சுகள் ஓடிவந்து தின்னும். பிறகு விடியவும் பின்னேரமும் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் மத்தியானம் புதுத்தீன் போடவேண்டாம், தின்றது செரிக்கும்போதும் உடம்பு சுடும், வாயைப் பிளந்து இளைக்கும். தண்ணீர் மட்டும் ஒரு நிமிடமும் இல்லாமல் போகக்கூடாது. தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், காடை சொண்டால் வாரி இறைக்கும், தீன் விற்கிற விலைக்கு அது தாங்காது.

இறைச்சிக்கு வருகிறேன். பட்டினி கிடந்து ஒரேயடியாகத் தின்கிற பறவையில் கொழுப்புத்தான் ஏறப் பார்க்கும். ஆனால் எத்தனை தரம் போடுவது என்பதை விடத் தீனில் உள்ள புரதம் முக்கியம். குஞ்சுக்கு 24 வீதமாவது வேண்டும், முட்டைக்கோழித் தீனில் அது கிடையாது. மீன்தூள் கலக்கிறீர்கள் என்றால் கடைசிக் கிழமை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சட்டியில் மீன் வாடை வரும். ஆறு கிழமை தாண்டினால் பேடு முட்டைக்குத் திரும்பிவிடும், பிறகு தின்பது சதையாகாது. வெட்டுவதற்கு ஐந்தாறு மணித்தியாலம் முன் தீனை எடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் விடுங்கள், குடல் வெறுமையாக இருந்தால் இறைச்சி அழுக்குப்படாது.

இப்போது 130 கிராம் நிற்பவற்றை இன்றைக்கே வேறு கூட்டில் தனித்தட்டோடு விடுங்கள். ஒரு கிழமை கழித்துப் பத்தைப் பிடித்து நிறுத்து எழுதுங்கள் தம்பி, அதைப் பார்த்துவிட்டு மிச்சம் சொல்கிறேன்.