விலை சொல்லாததை சீட் எண் சொல்லும்: பேஸ்பால் மைதான டிக்கெட் கேள்வி-பதில்

பேஸ்களுக்கு (ஓடித் தொட வேண்டிய நான்கு முனைகள்) இடையே 90 அடி, பிட்சர் (பந்து எறிபவர்) நிற்கும் மேட்டிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் முனை) 60 அடி 6 அங்குலம். வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் தொடரான மேஜர் லீக்கின் 30 மைதானங்களிலும் இந்த அளவுகள் மாறாது. மற்றதெல்லாம், அதாவது சுவரின் உயரம், தூண் இருக்கும் இடம், வெயில் அடிக்கும் பக்கம், கூரை என எல்லாமே ஊருக்கு ஊர் வேறு. டிக்கெட் விலையை வைத்துப் பார்த்தால் சீட் எந்தத் தளத்தில் என்பது மட்டும்தான் தெரியும். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியைப் பற்றியவைதான்.

கேள்வி: பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் கிராண்ட்ஸ்டாண்ட் சீட் இரண்டு, பக்கத்து செக்‌ஷனைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. கீழே சின்ன எழுத்தில் ‘அப்ஸ்ட்ரக்டட் வியூ’ என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: சீட்டுக்கு முன்னால் தூண் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஃபென்வே 1912-இல் திறந்த மைதானம். கிராண்ட்ஸ்டாண்டின் கூரையை இன்றும் இரும்புத் தூண்கள்தான் தாங்குகின்றன. தூண் இருக்கிறதா என்பதைவிட, அது உங்கள் சீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எதை மறைக்கிறது என்பதைப் பாருங்கள்.

சின்னக் கணக்கு ஒன்று. தூணின் அகலம் ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். சீட்டிலிருந்து தூண் 10 அடி, ஹோம் பிளேட் 160 அடி. அப்படியானால் ஹோம் பிளேட் பக்கம் 16 அடி அகலத்துக்கு எதுவும் தெரியாது. பேட்டர், கேட்சர், அம்பயர் மூன்று பேரும் அதற்குள் அடக்கம். அதே தூண் 40 அடி தள்ளி இருந்தால் மறைவது 4 அடிதான். உடம்பைக் கொஞ்சம் சாய்த்தால் தெரிந்துவிடும். ஆகவே செக்‌ஷன், வரிசை, சீட் எண் மூன்றும் தெரியாமல் பணம் கட்டாதீர்கள். அந்த எண்ணைத் தேடினால் அதே சீட்டிலிருந்து எடுத்த படங்கள் பெரும்பாலும் கிடைக்கும். மறைவது லெஃப்ட் ஃபீல்டு (ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் களத்தின் இடப்பக்கத் தொலைவுப் பகுதி) மூலை என்றால் பாதி விலை லாபம்தான். ஹோம் பிளேட்டோ பிட்சர் மேடோ மறைகிறது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஃபென்வேயில் இன்னும் மூன்று விஷயங்கள். கிராண்ட்ஸ்டாண்டின் மர சீட்டுகள் ஒடுக்கமானவை; முழங்காலுக்கும் இடம் குறைவு. உயரமானவர்கள் படிக்கட்டு ஓர சீட் கேளுங்கள். ரைட் ஃபீல்டு பக்கத்து கிராண்ட்ஸ்டாண்ட் சீட்டுகள் ஹோம் பிளேட்டைப் பார்த்து இல்லை, சென்டர் ஃபீல்டைப் பார்த்து இருக்கின்றன. ஆட்டம் முழுக்கக் கழுத்தை இடப்பக்கம் திருப்பியே இருக்க வேண்டும், இதை எந்த டிக்கெட்டிலும் அச்சிடுவதில்லை. மூன்றாவது நல்ல விஷயம்: கூரைக்கு அடியில் இருப்பதால் ஏப்ரல் மாதத் தூறலில் மற்றவர்கள் நனையும்போது நீங்கள் நனைய மாட்டீர்கள்.

மறுவிற்பனையில் ‘அப்ஸ்ட்ரக்டட்’ குறிப்பு சில சமயம் விடுபட்டுப்போகும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், அதே சீட் எண்ணை அணியின் சொந்த இணையதளத்து வரைபடத்தில் சரிபாருங்கள்.

சிகாகோ ரிக்லி ஃபீல்டிலும் (1914) இதே கதைதான். 200 எண் செக்‌ஷன்களில் தூண் உண்டு. அங்கே பின்வரிசைக்குப் போனால் தூணோடு மேல்தளத்தின் அடிப்பாகமும் சேர்ந்து மறைக்கும். உயரே போகும் பந்து கண்ணிலிருந்து நழுவி, அவுட்ஃபீல்டில் (பேஸ்களுக்கு அப்பாலுள்ள தொலைவுப் பகுதி) விழும்போதுதான் திரும்பத் தெரியும். ஆனால் தூண்களால் ஒரு நன்மையும் இருக்கிறது. தூண் தாங்குவதால்தான் பழைய மைதானங்களில் மேல்தளத்தைக் களத்துக்கு நெருக்கமாகக் கட்ட முடிந்தது. தூணே இல்லாமல் கட்டிய புதிய மைதானங்களில் மேல்தளம் பின்னால் தள்ளிப்போய்விட்டது. ரிக்லியில் மேல்தள முன்வரிசை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். முன்னால் மறைப்பதற்கு எதுவும் இருக்காது, ஆட்டமும் காலடியில் நடப்பது போல இருக்கும்.

கேள்வி: ஜூலையில் ஊரிலிருந்து வரும் அப்பா, அம்மாவை அழைத்துப் போக வேண்டும். எந்தப் பக்கம் நிழல்?

பதில்: பொதுவாக தேர்ட் பேஸ் பக்கம், அதாவது ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து களத்தைப் பார்த்தால் இடப்பக்கம். மாலை வெயில் பேட்டரின் கண்ணில் படக் கூடாது என்பதற்காக, ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சர் மேடு வழியாக செகண்ட் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்கு நோக்கி இருப்பது நல்லது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. அப்படிக் கட்டிய மைதானத்தில் சாயங்காலச் சூரியன் ஹோம் பிளேட்டுக்கும் தேர்ட் பேஸுக்கும் பின்னால் இறங்கும். அந்தப் பக்கத்து ஸ்டாண்டே தன் சீட்டுகளுக்கு நிழல் தந்துவிடும். ஃபர்ஸ்ட் பேஸ் பக்கமும் ரைட் ஃபீல்டும் சூரியனை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்திருக்கும். எல்லா மைதானமும் இந்தத் திசையில் இல்லை. வாங்கும் முன் வரைபடத்தில் வடக்கு எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இது 7 மணி ஆட்டத்துக்குப் பொருந்தும். பகல் 1 மணி ஆட்டத்தில் சூரியன் உச்சியில் இருப்பதால் பக்கம் பார்த்துப் பயனில்லை, கூரைதான் காப்பாற்றும். கீழ்த்தளத்தில் மேல்தளம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அடியில் வரும் பின்வரிசைகளைக் கேளுங்கள். முன்வரிசைக்குக் கூடுதலாகக் கொடுத்து மூன்று மணி நேரம் வெயிலில் வாடுவதைவிட, 25 வரிசை பின்னால் நிழலில் உட்காருவது பெரியவர்களுக்கு ஆயிரம் மடங்கு மேல். அவுட்ஃபீல்டு பிளீச்சர் (கூரையில்லாத சீட் வரிசைகள்) பக்கமே போகாதீர்கள். அங்கே நிழலுக்கு வழியே இல்லை.

வெயிலும் மழையும் வேண்டவே வேண்டாம் என்றால் திறந்து மூடும் கூரையுள்ள ஏழு மைதானங்கள் இருக்கின்றன: ஃபீனிக்ஸ், ஆர்லிங்டன், ஹூஸ்டன், மயாமி, மில்வாக்கி, டொரான்டோ, சியாட்டில். ஃபீனிக்ஸ், ஆர்லிங்டன் கோடையில் கூரையை மூடி ஏசி போட்டுத்தான் பெரும்பாலும் ஆட்டம் நடக்கும். சியாட்டில் கூரை மட்டும் வேறு மாதிரி. குடை விரித்தாற்போல மழையைத் தடுக்கும், பக்கங்கள் திறந்தே இருக்கும். குளிருக்கு அது உதவாது.

சான் ஃபிரான்சிஸ்கோ ஆரக்கிள் பார்க் இதற்கு நேர்மாறு. ஜூலை என்று நம்பி அரைக்கை சட்டையோடு இரவு ஆட்டத்துக்குப் போனால், விரிகுடாக் காற்றில் ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) ஸ்வெட்டர் கடையைத் தேட வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு கனமான ஜாக்கெட் எடுத்துப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. முன்வரிசை வாங்கினால் படி ஏறுவது குறையும் அல்லவா?

பதில்: கீழ்த்தளத்தில் பெரும்பாலும் தலைகீழ். உள்சுற்றுப் பாதை, அதாவது கடைகளும் கழிப்பறைகளும் இருக்கும் கான்கோர்ஸ், பல மைதானங்களில் கீழ்த்தளத்தின் உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து முன்வரிசைக்கு இறங்க வேண்டும், கழிப்பறைக்குப் போக அத்தனை படியும் ஏற வேண்டும். கீழ்த்தளத்தில் வரிசை எண் கூடக்கூடப் படி குறையும். மேல்தளத்தில் வழி பெரும்பாலும் கீழிருந்தோ நடுவிலிருந்தோ வரும். அங்கே வரிசை எண் குறைந்தால்தான் படி குறையும்.

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியம் (1962) மலைச்சரிவில் கட்டியது. கார் நிறுத்துமிடங்களும் சரிவில் அடுக்கடுக்காக இருக்கின்றன. சீட் இருக்கும் தளத்துக்கு நேரான இடத்தில் காரை நிறுத்தினால் உச்சியிலுள்ள டாப் டெக்குக்குக்கூட அதிகம் ஏறாமல் நுழைந்துவிடலாம். தவறான பக்கம் நிறுத்தினால் அந்த மலையையே ஏற வேண்டியதாகும்.

படியே முடியாது என்றால் தயங்காமல் அக்ஸஸிபிள் சீட் கேளுங்கள். சக்கர நாற்காலி இடம் ஒன்றுக்கு, இடம் இருக்கும்பட்சத்தில், பக்கத்திலேயே மூன்று துணை சீட்டுகள் வரை தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.

கேள்வி: ஆறு வயதுப் பெண்ணோடு டக்அவுட் (வீரர்கள் உட்காரும் இடம்) அருகில் உட்காரலாமா? ஃபவுல் பால் (மட்டையில் பட்டு எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் பந்து) பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. பந்தின் எடை சுமார் 145 கிராம். மட்டையில் பட்டு மணிக்கு 100 மைல் வேகத்தில் வந்தால் 90 அடி தூரத்தைக் கடக்க 0.6 விநாடி போதும். ஃபோனிலிருந்து தலை நிமிரும் நேரம்கூட இல்லை. 2018 சீசன் தொடக்கத்துக்குள் 30 அணிகளும் இரண்டு டக்அவுட்டுகளின் கடைசி வரையாவது பாதுகாப்பு வலை போட்டுவிட்டன. அதற்குப் பிறகு பல மைதானங்களில் வலை இன்னும் நீண்டிருக்கிறது. ஆனால் எங்கே முடிகிறது என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். அணியின் சீட் வரைபடத்தில் வலையின் எல்லையைப் பார்த்து, அதற்கு உள்ளேயே வாங்குங்கள். வலை கண்ணை உறுத்துகிறது என்று சிலரிடமிருந்து புகார் வருவதுண்டு. இரண்டாவது இன்னிங்ஸில் கண்ணுக்குப் பழகிவிடும்.

காயம் பட்டால் பொறுப்பு பார்வையாளருடையதே என்ற வரி டிக்கெட்டின் நிபந்தனைகளில் இருக்கும். குழந்தையோடு போகிறவர்கள் அதை ஒருமுறையாவது படித்துவிட்டுப் போக வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். தயிர்சாதம் கொண்டுபோக விடுவார்களா?

பதில்: பல மைதானங்களில் விடுவார்கள். டாட்ஜர் ஸ்டேடியம் அதில் ஒன்று. உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில், ஒரு ஆளுக்கு ஆகிற அளவில் இருக்க வேண்டும். திறக்காத பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பொதுவாக ஒரு லிட்டர் வரை. கண்ணாடி, டின் கூடாது. எவர்சில்வர் டப்பாவை வாசலில் திருப்பி அனுப்பினால் காருக்கு நடக்க வேண்டும், அதனால் மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவே நல்லது. பை அளவு பல இடங்களில் 16 × 16 × 8 அங்குலம். ஊடுருவித் தெரியும் பை மட்டும்தான் என்ற மைதானங்களில் 12 × 12 × 6. போகும் வாரத்தில் விதியை மறுபடி பாருங்கள், சீசனுக்கு சீசன் மாற்றுகிறார்கள்.

கேள்வி: ஆறாவது இன்னிங்ஸில் மழை வந்து ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஐந்து இன்னிங்ஸ் முடிந்தால் (உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரை) அது முழு ஆட்டமாகவே கணக்கு. ஆட்டம் தொடங்கும் முன்பே ஒத்திவைத்தால் அதே டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும்; ‘ரெயின் செக்’ என்பது அதுதான். பணமாகத் தருவது அரிது. மறுவிற்பனையில் வாங்கியவர்களுக்கும் இதே நிலைதான்: ஒத்திவைப்புக்காக மறுவிற்பனை இணையதளங்கள் பணம் தருவதில்லை, ஆட்டமே ரத்தானால்தான் தரும். வெளியூரிலிருந்து ஒரே நாளுக்கு வந்தவர்கள் புதிய தேதி அறிவித்த உடனே டிக்கெட்டை விற்றுவிடுவது நல்லது. நாள் நெருங்க நெருங்க அதே ஆட்டத்துக்கு விற்கிறவர்கள் கூட்டம் கூடி விலை இறங்கும்.

ஒத்திவைத்த ஆட்டத்தை மறுநாள் ஆட்டத்தோடு சேர்த்து ‘டபுள்ஹெடர்’ ஆக வைத்தால் ஒன்றைக் கேளுங்கள்: ஒரே டிக்கெட்டில் இரண்டு ஆட்டமா, அல்லது முதல் ஆட்டம் முடிந்ததும் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு இரண்டாவதுக்குத் தனி டிக்கெட்டா? இரண்டு விதமாகவும் நடப்பதுண்டு.

கேள்வி: டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் வாங்கினால் மலிவா?

பதில்: ஒவ்வொரு அணிக்கும் சொந்த ஊரில் 81 ஆட்டம். அதில் ஏப்ரல், செப்டம்பர் வாரநாள் ஆட்டங்களுக்கு ஆட்ட நாள் மதியத்தில் மறுவிற்பனை விலை பெரும்பாலும் விழும். தொடக்க ஆட்டம், பரம்பரை எதிரி அணி வரும் நாள், தலையாட்டி பொம்மை இலவசமாகத் தரும் நாள் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. பொம்மை ‘முதல் இத்தனை பேருக்கு’ மட்டும்தான். டிக்கெட் கையில் இருப்பதால் அது உங்களுக்கு உறுதியாகிவிடாது, வாசல் திறக்கும் முன்பே வரிசையில் நிற்க வேண்டும்.

கட்டணங்களைக் கடைசிப் பக்கத்தில் ஏற்றும் பழக்கத்துக்கு 2025 மே 12 முதல் அமெரிக்க விதி தடை போட்டிருக்கிறது. கட்டாயக் கட்டணம் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். அரசு வரி போன்றவை பின்னால் சேரலாம். டிக்கெட் ஃபோன் செயலியில்தான் வரும். ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். செயலி வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றிய பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: டென்வர் கூர்ஸ் ஃபீல்டில் ஊதா நிற வரிசை என்று ஒன்று இருக்கிறதாமே, வாங்கத் தகுந்ததா?

பதில்: மேல்தளத்தின் 20-ஆவது வரிசை அது. கடல் மட்டத்திலிருந்து சரியாக 5,280 அடி, அதாவது ஒரு மைல் உயரத்தைக் காட்டுவதற்காக அந்த வரிசை சீட்டுகளுக்கு மட்டும் ஊதா வண்ணம். ஆட்டம் பார்க்க இது தூரம்தான். படம் எடுத்துக்கொள்ள அங்கே ஏறிப்போகலாம், அதற்காகவே அந்த வரிசையில் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. அந்த உயரத்தில் வெயில் தோலைச் சீக்கிரம் சுடும். மேகமூட்டமாக இருந்தாலும் தொப்பியும் சன்ஸ்கிரீனும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஜப்பான் போகிறோம். கோஷியென் மைதானத்தில் எங்கே உட்காருவது?

பதில்: 1924-இல் திறந்த மைதானம், ஹான்ஷின் டைகர்ஸ் அணியின் சொந்த மைதானம். முதல்முறை போகிறவர்கள் இன்ஃபீல்டு (பேஸ்களைச் சுற்றிய பகுதி) பக்கம் கூரைக்கு அடியில் வாங்குங்கள். அவுட்ஃபீல்டு முழுக்க ஆதரவாளர் கூட்டம். தங்கள் அணி பேட் செய்யும்போதெல்லாம் நின்று பாடுவார்கள், அப்போது உட்கார்ந்து பார்க்க முடியாது. எதிரணி ரசிகர்களுக்கான பகுதியைத் தவிர, அங்கே எதிரணிச் சட்டை போட்டுப் போகவும் கூடாது. டின்னும் கண்ணாடி பாட்டிலும் கொண்டுபோனால் வாசலிலேயே காகித டம்ளரில் ஊற்றித் தருவார்கள்.