விடுமுறையில் போனை அணைக்காமலே அதிலிருந்து விலகி இருக்க முடியுமா?

முடியும். வீட்டில் ஏதாவது அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் பலரை மறுபடி மறுபடி திரையைப் பார்க்க வைக்கிறது. முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பைப் போட்டு, நெருங்கிய நான்கைந்து பேரின் அழைப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். ஐபோனில், ஒருவரே 3 நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தால் மணி அடிக்கும்படியும் வைக்கலாம்.

வழி பார்க்க இணையம் தேவையில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்க மட்டுமே செய்கிறது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும்.

அலுவலக மின்னஞ்சல்தான் உண்மையில் கஷ்டம். அறிவிப்பை நிறுத்தினாலும் கை தானாக அங்கே போகும். எனவே கணக்கையே போனிலிருந்து நீக்கிவிடுங்கள், கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. அப்புறம், அவசரத்துக்கு யாரைக் கேட்கலாம் என்று தானியங்கிப் பதிலில் பெயரோடு எழுதி வையுங்கள்.