எரிஞ்ச சாம்பல்ல பெட்ரோல் இருந்துச்சான்னு லேபுல எப்படி பாக்கறாங்க? உங்க கேள்விகளும் பதிலும்

பாலக்கோட்டுல இருந்து: வைக்கோல் போர் எரிஞ்சிடுச்சு, யாரோ பெட்ரோல் ஊத்திட்டாங்கன்னு சந்தேகம். சாம்பலை பாலிதீன் கவர்ல அள்ளி வெச்சிருக்கேன், டெஸ்ட்டுக்கு கொடுக்கலாமா?

அள்ளுனதே தப்புங்க. பெட்ரோல் ஆவி சாதா கவர் வழியா வெளிய போயிடும், அதே கவரை பைக் பக்கத்துல வெச்சிருந்தா அந்த வாசம் உள்ளயும் வந்துடும், அப்புறம் ரிப்போர்ட் எப்படி வந்தாலும் கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீலுக்கு கொண்டாட்டம்தான். புது பெயிண்ட் டப்பா மாதிரி காத்து போகாத தகர டப்பாவுல, மேல கொஞ்சம் இடம் விட்டு, போலீஸோ தடயவியல்காரங்களோ எடுக்கணும். மண்ணோட எடுத்தா குளிர்ல வைக்கணும், இல்லன்னா மண்ணுல இருக்கற பாக்டீரியா பெட்ரோலை தின்னுடும். இன்னொன்னு, ஈரம் காயாம போர் போட்டா அது தானாவே உள்ளுக்குள்ள சூடாகி பத்திக்கும், யார் மேலயும் பழி போடறதுக்கு முன்னாடி அதையும் யோசிங்க.

பர்கூர் ஜவுளி வியாபாரி: ஃபயர் வண்டி அவ்ளோ தண்ணி அடிச்ச பிறகு என்ன மிஞ்சும்?

மிஞ்சும். பெட்ரோல், மண்ணெண்ணெய் தண்ணில கரையாது, தரை விரிசல்ல, துணி பேலுக்கு அடியில, வாசப்படி இடுக்குல போய் ஒளிஞ்சிக்கும். மேல இருக்கற வெள்ளை சாம்பலை அள்ளிட்டு போனா ஒன்னும் கிடைக்காது, அதனால 'இல்லை'ன்னு ரிப்போர்ட் வந்தா ஊத்தவே இல்லன்னு அர்த்தம் கிடையாது.

எப்படித்தான் கண்டுபிடிக்கறாங்க?

டப்பாவை திறந்து ஒரு சின்ன கரிப்பட்டையை தொங்கவிட்டு, திரும்ப மூடி 60-80 டிகிரி சூட்டுல ராத்திரி முழுக்க ஓவன்ல வெச்சிடுவாங்க. கிளம்புற ஆவியெல்லாம் கரில ஒட்டிக்கும். காலையில அந்தக் கரியை கார்பன் டைசல்ஃபைடுங்கற கரைப்பான்ல கழுவி ஒரு சொட்டு எடுத்து ஜிசி-எம்எஸ்ங்கற (கேஸ் குரோமட்டோகிராஃபி-மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) மெஷின்ல விடுவாங்க, அது கலவையை ஒவ்வொரு பொருளா பிரிச்சு வரிசையா கோடு போட்டு காட்டும். டொலுவீன், சைலீன், அதுக்கு பின்னாடி கனமான பென்சீன் சொந்தக்காரங்க குறிப்பிட்ட அளவுல கூட்டமா வந்தா பெட்ரோல். தென்னந்தோப்பு மாதிரி சம இடைவெளில நெட்டையா வரிசை நின்னா மண்ணெண்ணெயோ டீசலோ, டீசல் வரிசை இன்னும் நீளமா போகும். பாதி எரிஞ்ச பெட்ரோல்ல லேசான டொலுவீன் குறைஞ்சு கனமானது மட்டும் நிக்கும், அனுபவம் இருந்தாதான் அது புரியும், மெஷின் மட்டும் சொல்லாது.

கிருஷ்ணகிரி மாங்கா மண்டி: பிளாஸ்டிக் கிரேட் எரிஞ்சாலும் மண்ணெண்ணெய் மாதிரி காட்டுமாமே?

நல்ல கேள்வி. பாலிஎத்திலீன் கிரேட் எரிஞ்சா அதே மாதிரி வரிசைதான் வரும், ஆனா ஒவ்வொரு இடத்துலயும் ஒத்தைக் கோடு இல்லாம மூணு மூணா ஒட்டி நிக்கும், மண்ணெண்ணெய்ல அந்த மூணு இருக்காது. அதான் ஒப்பிட்டுப் பாக்க எரியாத கிரேட் ஒன்னையும் சேத்து அனுப்பச் சொல்றது. நிறைய பேர் அதை மறந்துடறாங்க.

அரூர்: ஷெட்டுல பெட்ரோல் இருந்துச்சுன்னு ரிப்போர்ட் வந்துடுச்சு, பையனை பிடிச்சுட்டு போயிட்டாங்க. அவ்ளோதானா?

இல்லைங்க. ரிப்போர்ட்ல பெட்ரோல் எச்சம் இருக்குன்னுதான் இருக்கும், யார் ஊத்துனது, எதுக்கு ஊத்துனதுன்னு இருக்காது. அந்த ஷெட்டுல பைக் நிக்குமா, பெட்ரோல்ல ஓடுற ஸ்ப்ரேயர் மெஷின், கேன் ஏதாவது வெச்சிருந்தீங்களா? இருந்தா பழைய போட்டோ தேடி எடுத்து, சாம்பிளை எந்த மூலையில எடுத்தாங்கன்னு மகஜர்ல (சம்பவ இடத்துல போலீஸ் எழுதற பதிவு) இருக்கறதையும் பாத்துட்டு, நாளைக்கே வக்கீல்கிட்ட கொடுங்க.