‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் ஒரு கருத்தைப் பெறுவது எப்படி?

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் குடும்பப் பூக்கடைக்காக, எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு ஆறு பக்கங்கள் உள்ள இணையத்தளம் ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். கணினி, கைப்பேசி இரண்டிலும் திரைக்கேற்ப அமையும். யாரிடம் காட்டினாலும் ‘நன்றாக இருக்கிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பயனுள்ள கருத்தை எப்படிப் பெறுவது?

பதில்: ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், உங்கள்மீது அன்புள்ளவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக ஒரு வேலையைக் கொடுங்கள். கடைக்கு வரும் அக்கா ஒருவரிடம் அவருடைய கைப்பேசியிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லி, ‘வெள்ளிக்கிழமை காலைக்கு இரண்டு கல்யாண மாலைகளைப் பதிவு செய்யுங்கள்’ என்று கேட்டுவிட்டு, எதையும் சுட்டிக்காட்டாமல் அவருடைய விரல் போகும் இடத்தை மட்டும் கவனியுங்கள். நான் அப்படி அமர்ந்து பார்த்தபோது, ஓர் அம்மா மூன்று கோடுகள் உள்ள மெனுவை ஒருமுறைகூடத் தொடவில்லை. மாலையின் படத்தையே திரும்பத் திரும்பத் தட்டினார். அந்தப் படத்துக்கு இணைப்பே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று, தளங்களைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்பதை ஆராயும் வல்லுநரான ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். உங்கள் தளத்துக்கு அந்த ஐவர் போதும்.

அவர்களுடைய கைப்பேசியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வயதானவர்கள் பலர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். ‘முன்பதிவுகளுக்கான’ போன்ற நீண்ட சொல் அப்போது பொத்தானைத் தாண்டி வழிந்து, பக்கத்தையே பக்கவாட்டில் நகரச் செய்துவிடும். வரி உயரம் குறைவாக இருந்தால் ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் மேல்விலங்குகளும் வெட்டுப்படலாம். ஆங்கில வாசகங்களை மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்பது, இணையத்தளங்களை அனைவரும் பயன்படுத்த ஏற்றவையாக்குவதற்கான டபிள்யூசிஏஜி 2.1 நெறிமுறையின் எதிர்பார்ப்பு.

நிரல் தெரிந்தவர்களிடம் திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) அனுப்ப வேண்டாம். இணையத்தளங்களை வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் ஏற்றி, தள முகவரியோடு மூல நிரலையும் கொடுங்கள். ஏற்றியவுடனேயே ஒரு குறை தெரியக்கூடும்: கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் பொதுவாக வேறுபடுத்துவதில்லை, கிட்ஹப் பேஜஸ் வேறுபடுத்தும் என்பதால், உங்கள் கணினியில் தெரிந்த படம் அங்கே தெரியாமல் போகலாம். எந்த அகலங்களில் சோதித்தீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு, ‘விலைப்பட்டியல் சிறிய திரையில் அட்டைகளாக மாறுவது குழப்புகிறதா?’ என்பதைப் போல, உங்களுக்கே ஐயமுள்ள ஒன்றைக் கேளுங்கள். முகப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் ஆறு பக்கங்களையும் திறக்கச் சொல்லுங்கள். மேற்பட்டியை ஒவ்வொரு பக்கத்திலும் நகலெடுத்து ஒட்டியிருந்தால், முகப்பில் செய்த திருத்தம் ஏதேனும் ஒரு பக்கத்தில் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.